ஆசானா, முதலாளியா?

நாவலில் வரும் கதாபாத்திரம் ஒருவரைப் பற்றிய ஆய்வுக்கு யாரை எடுப்பது என்று நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) ஊர்க்கதை சொல்லும் தாமோதர ஆசானா, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) ஊரை ஆட்டிவைக்கும் அகமதுகண்ணு முதலாளியா?

சான்று: முதலாளிக்கு அவர் செயல்களே போதும். ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கிறார். ‘எதை இழக்கப் பயப்படுகிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் தானாக வரும். கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம். ஆசானுக்கோ, அவர் கதை சொல்லும் விதம்தான் சான்று.

மாற்றம்: முதலாளியின் செல்வாக்கு கண்ணெதிரே சரிகிறது. ஆசானிடம் இதைத் தேடாதீர்கள்.

உழைப்பு: ஆசான்தான் கஷ்டம். நடந்தது எது, அவர் கைச்சரக்கு எது என்று பிரிக்க வேண்டும்.

முதல்முறை எழுதுகிறவர்களுக்கு முதலாளி சரி. கதைசொல்லியின் குரலை ஆராய ஆசைப்பட்டால் ஆசான். எனக்குப் பிடித்தவரும் அவர்தான்.