ஸ்டன் போதுமா, டர்ன் வேண்டுமா?

இணையவழி போனில் (VoIP) அழைப்பு இணைகிறது, நம் குரல் போகிறது, எதிர்முனைக் குரல் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் நேட்தான் (NAT, உள்முகவரிகளை ரவுட்டர் பொது முகவரியாக மாற்றும் முறை) காரணம்: ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன் 192.168.1.5 என்று தன் உள்முகவரியையே எழுதி அனுப்ப, திரும்பி வரவேண்டிய பாக்கெட்டுகள் வழியிலேயே தொலைகின்றன.

இதற்கு இரண்டு தீர்வுகள்: ஸ்டன் (STUN), டர்ன் (TURN). ஸ்டன் எளிமையானது. வெளியே நான் எந்த முகவரியாகத் தெரிகிறேன் என்று போன் ஒரு சர்வரிடம் கேட்டு, கிடைத்த பொது முகவரியையும் போர்ட்டையும் (முகவரியோடு சேரும் வாயில் எண்) மறுமுனைக்குச் சொல்லிவிடும். அப்புறம் குரல் நேராகப் போகும், தாமதமும் குறைவு. ஆனால் சிமெட்ரிக் நேட் என்ற வகை ஒவ்வொரு இலக்குக்கும் வேறு போர்ட் ஒதுக்குவதால், அங்கே ஸ்டன் சொன்ன போர்ட் செல்லாக்காசு.

டர்ன் குரல் முழுவதையும் தன் வழியாகவே கடத்தும். சிமெட்ரிக் நேட்டிலும் பேச முடியும், ஆனால் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் வரும் அழைப்புக்கு ஒரு திசையிலேயே வினாடிக்குச் சுமார் 80 கிலோபிட் வேகத்தை அந்த சர்வர் சுமக்க வேண்டும். சரி, எது? போனில் ஐஸ் (ICE, இருக்கும் வழிகளைச் சோதித்து ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறை) இருந்தால் இரண்டையும் கொடுங்கள், நேர்வழி கிடைக்காதபோது மட்டும் டர்னுக்குப் போகும். ஒன்றுதான் என்றால் தயங்காமல் டர்ன்.