"அர்ஜென்ட் ஃபீஸ்" கேட்கிற கடையில் இ-விசா போடக் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் இந்திய இ-விசா போடக் கொடுப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வரும்போது, விசா வேலையை ஊரில் இருக்கிற மருமகன் தலையில்தான் கட்டுகிறார்கள். அவர் நேரே கடைக்குப் போகிறார்.

பினாங்கில் இருக்கும் மாமாவுக்காகக் கீழக்கரை மருமகன் ஒருவர் இப்படி ஒரு கடையில் கொடுத்தார். விசாக் கட்டணம் தனி, கடைக்கூலி தனி. அதற்கு மேல், "அர்ஜென்ட் ஃபீஸ் கட்டினாத்தான், காக்கா (அண்ணே), விசா நாளைக்கே வரும்" என்று இன்னொரு தொகை. அப்படி ஒரு கட்டணமே கிடையாது. அவசரக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்று அரசின் இ-விசா தளமே எச்சரித்திருக்கிறது. வாங்கிய பணம் கடைக்காரர் பைக்குத்தான் போனது.

அடுத்த கூத்து கோப்புகளில். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம் தெளிவில்லை, மறுபடி ஏற்றுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் கடைக்காரர் கொடுத்திருந்ததோ தன் கடையின் மின்னஞ்சல் முகவரி. அங்கே அது யாரும் திறக்காமல் கிடந்தது. கேட்டபோதெல்லாம் "பெண்டிங்ல இருக்கு, வந்துரும்" என்ற பதில்தான். பயண நாள் கடந்தது, டிக்கெட் போனது. விசாக் கட்டணமும் திரும்பாது, விதியே அப்படித்தான்.

பாஸ்போர்ட் பக்கத்துக்கு அரசுத் தளம் கேட்பது பிடிஎஃப், 10 முதல் 300 கேபி வரை. இந்தக் கடை செய்ததைப் பாருங்கள்: மாமா வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, அந்தத் தாளை முழுதாக 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கோப்பு சில எம்பி வந்ததும், ஏதோ ஓர் இலவசத் தளத்தில் போட்டு நசுக்கிவிட்டார்கள். ஏ4 தாளில் பாஸ்போர்ட் பக்கம் பிடிக்கும் இடம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதி வெறும் வெள்ளை. நசுக்கும் தளம் 72 டிபிஐக்கு இறக்கினால், பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் ஓர் எழுத்தின் அகலத்துக்கு ஏழு புள்ளிதான் மிஞ்சும். வரிக்கு 44 எழுத்து கொண்ட அந்த இரண்டு வரிகளில்தான் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடிவுத் தேதி எல்லாம் இருக்கின்றன. 8 எது, பி எது என்று தெரியாத படத்தை யார் ஏற்பார்கள்?

சரியான வழி சுலபமானது. பாஸ்போர்ட் கையில் இருப்பவரே படம் எடுக்க வேண்டும். கறுப்பு மேசையில் விரித்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் அணைத்து, போனைப் பக்கத்துக்கு நேர் மேலே சாய்வில்லாமல் பிடிக்க வேண்டும். மேலுறை பளபளத்தால் போனை நகர்த்தாதீர்கள், பாஸ்போர்ட்டைத் திருப்புங்கள். நான்கு மூலையும் அடி வரிகள் இரண்டும் முழுதாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் கட்டைவிரல் விழக்கூடாது. ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளை வடிகட்டி வேண்டாம், அது புகைப்படத்தையே மசியாக்கிவிடும். செயலியின் வாட்டர்மார்க்கும் இருக்கக்கூடாது. வாட்ஸாப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது தன் பங்குக்கு நசுக்கும்.

கடை ஸ்கேனர்தான் என்றால், ஸ்கேன் பரப்பைப் பாஸ்போர்ட் பக்க அளவுக்கு மட்டும் குறுக்கி, கலரில், 200 டிபிஐ வைக்கச் சொல்லுங்கள். 125க்கு 88 மில்லிமீட்டர் பக்கம் ஏறக்குறைய 980க்கு 690 புள்ளியாக வரும், பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். நசுக்கும் வேலையே இல்லை. கடற்காற்றில் ஸ்கேனர் கண்ணாடி மங்கியிருக்கும், முதலில் துடைக்கச் சொல்லுங்கள்.

புகைப்படம் ஜேபெக், 10 கேபி முதல் 1 எம்பி வரை, அகலமும் உயரமும் சமம். ஸ்டூடியோ கொடுப்பது 35க்கு 45 மில்லிமீட்டர். அதைச் சதுரமாக்க ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முகம் தோசை மாதிரி விரியும். இழுக்கக்கூடாது, வெட்ட வேண்டும். அதற்கு மூலப் படத்தில் தலைக்கு மேலும் இரு பக்கமும் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், வேறு நாட்டு விசாவுக்கும் ஆகும்: சிங்கப்பூருக்கு 400க்கு 514 புள்ளி, அமெரிக்காவுக்கு 600க்கு 600 முதல் 1200க்கு 1200 வரை, அதுவும் 240 கேபிக்குள். ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்தே தனித்தனியாக வெட்டலாம்.

செல்ஃபி ஆகாது, கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். பின் கேமராவில், கண் மட்டத்தில், ஐந்தாறு அடி தள்ளி நின்று இன்னொருவர் எடுக்கட்டும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் நின்றால் நிழல் விழாது. நம் பக்கத்து ஆண்கள் வெள்ளைச் சட்டையை விடமாட்டார்கள், ஆனால் வெள்ளைச் சுவர் முன்னால் தோள் காணாமல் போகும். அன்றைக்கு மட்டும் கலர்ச் சட்டை. கண்ணாடியைக் கழற்ற வேண்டும். தலையில் முக்காடு இருந்தால் நெற்றியிலிருந்து தாடை வரை முகம் முழுதும் தெரிய வேண்டும், முகத்தில் அதன் நிழல் விழக்கூடாது. ஸ்டூடியோவில் கோட்டு சூட்டு ஒட்டுவதும், நிறம் வெளுப்பதும், பின்னணியை வெட்டும்போது காதைக் கத்தரிப்பதும் வேண்டவே வேண்டாம். ஐபோன் படம் ஹெச்இஐசி என்ற கோப்பு வகையில் வந்தால், பெயரில் ஜேபெக் என்று மாற்றி எழுதினால் போதாது. கேமரா அமைப்பில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வைத்துப் புதிதாக எடுங்கள்.

அரசின் இ-விசா தளத்தின் முகவரி இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன். கூகுளில் மேலே விளம்பரமாக வருகிறவை பெரும்பாலும் தனியார் தளங்கள், அசோகச் சின்னம் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். பயணத்துக்கு நான்கு நாளாவது முன்பாகப் போட வேண்டும். மின்னஞ்சல் பயணியுடையதாக இருக்கட்டும். பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள், கட்டிய பிறகு திருத்த முடியாது. பணம் கழிந்தும் "ஃபெயில்டு" என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். நான்கு மணி நேரம் பொறுத்து, அதே தளத்தில் பணம் சேர்ந்ததா என்று பாருங்கள். மூன்று முறை தவறினால் அந்த விண்ணப்ப எண் முடங்கும்.

துபாய் விசிட் விசாவுக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருப்பது கடைசிப் பக்கத்தில். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும் கடைகள் உண்டு, இரண்டையும் கேட்டு ஏற்ற வையுங்கள்.

ஏற்கெனவே கடையில் இந்திய இ-விசாவுக்குக் கொடுத்து மாட்டியிருந்தால் முதலில் விண்ணப்ப எண்ணை வாங்குங்கள். அதுவும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தால் கடைக்காரர் தயவில்லாமல் நிலையைத் தளத்திலேயே பார்க்கலாம். படம் மறுபடி கேட்டிருந்தால் ஏற்றுவதற்கும் அங்கேயே தனி இணைப்பு இருக்கிறது. போலித் தளத்தில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள், கார்டு வங்கியிடமும் புகார் கொடுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றிலும் பாஸ்போர்ட் கோப்பை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸாப் வெப்பை அங்கே திறந்திருந்தால் போனிலிருந்தே லாக் அவுட் செய்துவிடுங்கள்.