ஹாங்காங்–ஆங்கரேஜ் சரக்குத் தடம்: 777எஃப்-ஆ, 747-400எஃப்-ஆ?

நான் ஆடும் விமான நிறுவன கேமில், அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகப் போகும் ஹாங்காங்–ஆங்கரேஜ்–சிகாகோ தடத்தில் போயிங்கின் இந்த இரண்டு சரக்கு விமானங்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 777எஃப்-ஐயே வைத்துக்கொண்டேன். பட்டியலைப் பார்த்தால் 747-400எஃப்தான் பெரிது: சுமார் 112 டன் ஏற்றும், மற்றது சுமார் 102. பழையதாக வாங்கினால் விலையும் குறைவு. மூக்கைத் திறந்து நீளமான சரக்கை ஏற்றும் வசதி நிஜத்தில் பெரிய விஷயம்தான், இந்த கேம் அதைக் கண்டுகொள்வதில்லை.

தூரமும் காற்றும்தான் இங்கே முடிவு செய்கின்றன. முழுச் சுமையோடு 747-400எஃப் சுமார் 8,200 கி.மீ. போகும், 777எஃப் சுமார் 9,200. அதற்கு மேலும் பறக்கலாம், ஆனால் புறப்படும்போது மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருப்பதால், கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு டன் எரிபொருளுக்கும் ஒரு டன் சரக்கைக் கீழே விட்டுவிட வேண்டும். ஹாங்காங்–ஆங்கரேஜ் சுமார் 8,150 கி.மீ. கிழக்கே போகும்போது ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்று) பின்னாலிருந்து தள்ளும், இரண்டுக்குமே கவலையில்லை. வில்லங்கம் எல்லாம் திரும்பி வரும்போதுதான், அதுவும் அந்தக் காற்று வலுக்கும் குளிர்காலத்தில். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்குச் சராசரியாக 100 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். தரையைப் பொறுத்த வேகம் 800 ஆகிவிடும், பயணம் பத்து மணி நேரத்தைத் தாண்டும், எரிபொருள் கணக்கில் அது 9,170 கி.மீ. பறந்ததற்குச் சமம். 777எஃப் மயிரிழையில் தப்பிக்கிறது. 747-400எஃப்-க்கோ ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் கூடுதலாக வேண்டும், அது மணிக்கு ஏறக்குறைய 10 டன் குடிக்கும். ஆக, பெரிய விமானம் என்று நம்பி வாங்கிய அந்த 10 டன் அங்கேயே போய்விடுகிறது, நாலு என்ஜின் செலவு மட்டும் அப்படியே நிற்கிறது.

இருப்பு எரிபொருளை கேம் எவ்வளவு ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆங்கரேஜிலிருந்து சிகாகோ வரையிலான சுமார் 4,600 கி.மீ.க்கு இந்தத் தொல்லையே இல்லை, காற்று நேரத்தைத்தான் தின்னும், சுமையைத் தொடாது.

747 பக்கமும் நியாயம் உண்டு. நிஜத்தில் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்குதான் அதிகம், திரும்பும்போது இடம் மிஞ்சும். என் கேமில் இரு திசையிலும் சரக்கு ஒரே அளவு. உங்கள் கேம் அந்த வித்தியாசத்தைக் காட்டினால், எதிர்க்காற்று வெட்டும் 10 டன் உங்களிடம் இருக்கவே இருக்காது, போகும்போது கிடைக்கும் 112 டன் சுத்த லாபம். அப்புறம் 747-இன் புதிய, பெரிய சரக்கு வடிவமான 747-8எஃப். அதைக் கோடையில் கொஞ்ச நாள்தான் ஓட்டினேன். 130 டன்னுக்கு மேல் ஏற்றுவதால் குளிர்காலத்தில் வெட்டு விழுந்தாலும் 777எஃப்-ஐ விட அதிகம் தூக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அந்த விலைக்கு அதை நிரப்பும் அளவு சரக்கு வாரம் முழுக்கக் கிடைக்க வேண்டும்.