ராஸ்பெரித் தண்டு நோய்: மருந்தா, கத்தரியா?

கனடாவின் ஒன்ராறியோவில் வீட்டு வேலியோரம் நாலைந்து மீட்டர் ராஸ்பெரி வரிசை வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரலில் வரும் கேள்வி இது. சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் என்ற பூஞ்சை மருந்தை வாங்கித் தெளிப்பதா, பழைய தண்டுகளை வெட்டி நீக்கும் கவ்வாத்தை ஒழுங்காகச் செய்வதா? நான் கவ்வாத்துக் கத்தரியின் பக்கம். தண்டு நோய்ப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது பழைய தண்டில். அதைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றக் கத்தரியால்தான் முடியும்.

முதலில் எந்த நோய் என்று பாருங்கள். புதுத்தண்டில் இலைக்காம்பு சேரும் இடத்துக்குக் கீழே ஊதா-பழுப்புத் திட்டு இருந்தால் ஸ்பர் பிளைட். குளிர்காலத்தில் அந்த இடம் வெளிறி, கரும்புள்ளிகள் தெரியும். அங்குள்ள மொட்டு அடுத்த ஆண்டு நலிந்துபோகும். ஊதா விளிம்பும் குழிந்த சாம்பல் நடுவும் உள்ள சிறு பொட்டுகள் ஆந்திராக்னோஸ். காய் பிடித்த தண்டு திடீரென்று வாடி, அடியில் மளுக்கென்று முறிந்தால் கேன் பிளைட்; பட்டையைச் சுரண்டினால் பழைய காயத்திலிருந்து பழுப்பு நிறம் ஓடியிருக்கும். நுனி மட்டும் தொங்கி, கீழே இரண்டு வளையக் கீறல்கள் இருந்தால் அது வண்டின் வேலை. கீழ் வளையத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி அழியுங்கள். பூஞ்சை மருந்து வீண்.

சுண்ணாம்பு-கந்தகத்துக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. மொட்டில் பச்சை நுனி சுமார் 1 சென்டிமீட்டர் தெரியும்போது தெளிக்க வேண்டும். இலை விரிந்தபின் அடித்தால் கருகிவிடும். தண்டின் மேலுள்ள பூஞ்சை வித்துகளை அது கொல்லும், பட்டைக்குள் இறங்கிய புண்ணை ஆற்றாது. புதுத்தண்டுக்கு நோய் தொற்றுவதோ மே முதல் ஆகஸ்ட் வரையான ஈர நாள்களில். அதற்குப் பதில் செம்பு மருந்து அடித்தால் மழை கழுவிவிடும். திரும்பத் திரும்ப அடித்தால் இலை கருகும். கந்தகக் கரைசல் அழுகிய முட்டைபோல நாறும், வேலிப் பலகையில் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. வரிசை முழுக்க நோய் முற்றியிருந்தால் கவ்வாத்துக்குப் பின் ஒரு முறை, புட்டியில் அச்சிட்ட அளவில், தெளிக்கலாம்.

கவ்வாத்தில் நாள் முக்கியம். கோடையில் காய்க்கும் ராஸ்பெரியின் தண்டு முதலாண்டு வளர்ந்து, இரண்டாமாண்டு காய்த்துச் சாகும். கோடை வகையில் கடைசிப் பழம் பறித்த வாரமே காய்த்த தண்டுகளை மண்மட்டத்தில் வெட்டுங்கள். மார்ச் வரை விட்டால், பக்கத்தில் நிற்கும் புதுத்தண்டின்மேல் ஒவ்வொரு மழையிலும் வித்துகள் தெறிக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கட்டை விடாதீர்கள், கேன் பிளைட் அதில் குடியிருக்கும். அது காயம் வழியாக நுழைவதால், அடுத்த சில நாள்கள் மழையில்லாத வேளையில் வெட்டுங்கள். சிவப்பு ராஸ்பெரியில் கோடையில் நுனி கிள்ளாதீர்கள். தண்டு கம்பியில் உராயாமல் கட்டுங்கள். மீட்டருக்கு 10-12 தண்டு, வரிசை அகலம் 30-40 சென்டிமீட்டர் போதும். நெருக்கமாக விட்டால் இலை காய நேரமாகும், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் அடியில் விடுங்கள். தழைச்சத்தைக் கொட்டினால் தண்டு மென்மையாகி நோய்க்கு இடங்கொடுக்கும். வெட்டியதை வீட்டு உரக்குழியில் போடாமல் தோட்டக் கழிவுப் பையில் அனுப்புங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். ஹெரிடேஜ், ஆட்டம் பிளிஸ் போன்ற இலையுதிர்கால வகைகள் முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும். மார்ச் கடைசியில், புதுக்குருத்து எழுமுன், வரிசை முழுவதையும் தரையோடு வெட்டிவிடலாம். தண்டு நோய் ஒண்டப் பழைய தண்டே மிஞ்சாது. புதிதாக நடுவோருக்கு இதைத்தான் சொல்வேன். பதிலுக்கு ஜூலைப் பழத்தை இழப்பீர்கள். நியூயார்க் மாநில ஜெனீவா ஆய்வுநிலையம் 1969-இல் வெளியிட்ட ஹெரிடேஜ் தாமதமாகப் பழுப்பது; உறைபனி முந்தினால் காய் செடியிலேயே போய்விடும், ஆட்டம் பிளிஸ் அதைவிட முந்தும். புள்ளிச்சிறகுப் பழ ஈ கோடைக் கடைசியில் பெருகுவதால், பழத்தை ஒன்றிரண்டு நாளுக்கொரு முறை பறித்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பழத்தில் வரும் சாம்பல் பூசணத்தைத் தடுக்கவும் அதுவே நல்லது.

துரு நோயில் கத்தரிக்கு இவ்வளவு உறுதி தரமாட்டேன். இலையடியிலும் பழத்திலும் மஞ்சள் பொடி தட்டும் துரு, வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்திலிருந்தும் காற்றில் வரும். கறுப்பு ராஸ்பெரியில் வசந்தத்தில் இலையடி முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சுத் துரு கண்டால் வெட்டுவதும் தெளிப்பதும் பயனில்லை. செடிக்குள்ளேயே அது பரவியிருக்கும், வேரோடு தோண்டி எடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வேரழுகல் வந்தாலும் இரண்டும் உதவாது. 25-30 சென்டிமீட்டர் உயர்த்திய பாத்தியில், வேறு இடத்தில், புதுக்கன்று நடவேண்டியதுதான்.