மஞ்சள் களமும் அமுச்சியின் முகமும்: டாவின்சி ரிசால்வில் இரண்டு வருடம்

கோபி பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்தில், வேகவைத்த மஞ்சளைக் காயப்போட்டிருந்த நாட்களில்தான் என் முதல் குறும்படத்தை எடுத்தோம். நடித்தவர் என் அமுச்சி, அம்மாவின் அம்மா. இரவல் கேமரா, 8 பிட் எஸ்-லாக்3 பதிவு (பின்னால் நிறத்தைத் திருத்த வசதியாக, படத்தை மங்கலாகப் பதியும் சோனியின் லாக் முறை). கலர் கிரேடிங்குக்கு, அதாவது எடுத்த படத்தின் நிறத்தைச் சீராக்க, டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு. அப்புறம் எடுத்த இரண்டு படங்களுக்கும் அதுதான்.

முதல் தடவை இணையத்தில் கிடைத்த ஒரு லட்டை (நிறத்தை மொத்தமாக மாற்றும் ரெடிமேட் ஃபைல்) போட்டு, டிவியில் ஓடவிட்டேன். அமுச்சி பார்த்துவிட்டு, "இது நானாட்டவே இல்லையே கண்ணு" என்றார். வெயிலில் கறுத்த அந்த முகம் ஆரஞ்சுச் சாயம் பூசியதுபோல இருந்தது. அன்றோடு லட் போட்டு வேலையைத் தொடங்குவதை விட்டேன்.

இப்போது முதல் நோடில் (ரிசால்வில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு நோட்) எக்ஸ்போஷரும் வொயிட் பேலன்ஸும் மட்டும். அதற்குப் பிறகு கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்: எஸ்-லாக்3-இலிருந்து டிவிக்கான ரெக்.709, காமா 2.4-க்கு மாற்றுவது. இவ்வளவிலேயே படம் பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதிதான் பாடு. களம் முழுக்கக் கிடந்த மஞ்சள் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடித்து, அமுச்சியின் தாடையையும் கழுத்தையும் மஞ்சளாக்கியிருந்தது. ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் குவாலிஃபையரில் மஞ்சளைத் தொட்டால் முகமும் கூடவே வந்துவிடும், ஏனென்றால் தோலின் ஹியூ, அதாவது அடிப்படை நிறம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. களத்தைவிட முகத்தில் சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) குறைவு என்பதை வைத்து வரம்பைச் சுருக்கினேன். முகத்தைச் சுற்றிப் பவர் விண்டோ என்ற வட்டம் போட்டு, அது முகத்தோடு நகர டிராக்கரை ஓடவிட்டு, உள்ளே ஹியூ வெர்சஸ் ஹியூ வளைவில் துளி சிவப்புப் பக்கம் இழுத்தேன். நிறங்களை வட்ட வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோட்டைப் போட்டுக்கொண்டால் கண் ஏமாறாது. கறுப்போ சிவப்போ, எந்தத் தோலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். ஆளுக்கு ஆள் மாறுவது பெரும்பாலும் வெளிச்சமும் சாச்சுரேஷனும். ஆகவே கறுத்த முகத்தைத் தூக்கி வெளுக்க வைக்கத் தேவையே இல்லை. இதை ஒவ்வொரு மாணவரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

வானம் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். லாக்கில் எடுத்து இழுத்தால் நீலம் பட்டை பட்டையாக உடைகிறது. 10 பிட் என்றால் 1024. உங்கள் கேமராவில் 8 பிட்தான் உண்டு என்றால் லாக் வேண்டாம், சாதாரண ப்ரொஃபைலில் எடுங்கள். நான் இரண்டாவது படத்திலிருந்து அப்படித்தான்.

அந்த இரண்டாவது படம் சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் எடுத்தது. ஷட்டர் 1/50 வைத்ததால் டியூப்லைட் துடிப்பு தெரியவில்லை, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் அல்லவா. டியூப்லைட்டின் பச்சை வாடையை டின்ட்டில் மெஜந்தா பக்கம் தள்ளி எடுத்தேன். ஆனால் கதவு வழியே வெயில் விழுந்த ஷாட்டுகளில் இரண்டு வெளிச்சத்துக்கும் தனித்தனி விண்டோ வேண்டியிருந்தது.

இலவசப் பதிப்பில் எனக்கு உண்மையில் குறையாகப்பட்டது, இருட்டில் வரும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாததுதான். அது பணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் மட்டும். மூன்றாவது படத்தின் இரவுக் காட்சிகளுக்கு லைட்டை அதிகமாகவே வைத்து எடுத்து, கிரேடிங்கில் இருட்டாக்கினோம். மற்றபடி 3840x2160 வரை வாட்டர்மார்க் இல்லாமல் வெளியே எடுக்கலாம், மாணவருக்கு அது தாராளம். 16 ஜிபி ரேம் இருந்தும் என் லேப்டாப் திணறியது. ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய அளவு நகல்) போட்ட பிறகு நிம்மதி. வேலையைத் தானாகச் சேமிக்கும் லைவ் சேவ் கட்டாயம் ஆனில் இருக்கட்டும்.

முதல் படத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி கிரேட் செய்து, இந்தப் பொங்கலுக்கு அமுச்சியிடம் காட்டினேன். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மஞ்ச இன்னும் காயலையாட்ட இருக்குதே" என்றார். காய்ந்த மஞ்சள் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. ராத்திரியே அந்த நோடைத் திறந்து சாச்சுரேஷனைக் குறைத்தேன்.