பழைய கொரோலாவுக்குப் புதிய ஷொக் அப்சோபர்களும் ஸ்பிரிங்குகளும்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் எங்கள் டொயோட்டா கொரோலா 110 வளைவுகளில் ஒருபுறமாகச் சாய்ந்து, வளைவு முடிந்த பின்னரும் ஆடிக்கொண்டே இருந்ததால், நான்கு சக்கரங்களுக்கும் கேவைபி எக்செல்-ஜி ஷொக் அப்சோபர்களையும் உயரம் குறையாத புதிய ஸ்பிரிங்குகளையும் பொருத்தினோம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும் அசைவை எண்ணெயைக் கொண்டு அடக்குவது ஷொக் அப்சோபர். ஆகவே ஸ்பிரிங் தளர்ந்த காரில் ஷொக்கை மட்டும் மாற்றினால் ஆட்டம் அடங்குமே தவிர, தாழ்ந்த பின்பக்கம் நிமிராது.

இந்த ஷொக்குகளின் இரட்டைக் குழாய் அமைப்பினுள் குறைந்த அழுத்தத்தில் நைதரசன் வாயு அடைக்கப்பட்டிருப்பதனால், தொடர்ந்து குழிகளில் விழுந்தாலும் எண்ணெய் நுரைத்துப் பிடி தளர்வது குறைகிறது. றம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பியதுமே முன்பக்கம் தயங்காமல் திரும்புகிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் முன்பக்கம் முன்போலக் கீழே அமுங்குவதில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயன்களுக்குச் செல்லும் கல் பாதையில் மட்டும் சற்று விறைப்பாக இருக்கிறது. பின்னிருக்கையில் அமரும் அம்மா இதைச் சொல்லிக்காட்டாத பயணம் இல்லை.

காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். மழையில் அரிக்கும் தோட்டப் பாதைகளுக்கு அவை சரிவரா. பழையதைச் சீர்செய்து விற்கும் ரீகண்டிஷன் ஷொக்குகள் மலிவுதான், ஆனால் முன்பு வாங்கிய சோடியில் தண்டோரமாக எண்ணெய் கசிந்து, தூசி சேறாக அப்பியிருந்தது. ஷொக்கைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட், அது முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டொப், தூசியுறை ஆகியவற்றையும் அதே வேலையோடு மாற்றிவிடுவது நல்லது. ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதியான ஸ்ட்ரட்டைக் கழற்றிய பின் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்காவிட்டால் டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.