கல்சியமா, சிங்க்கா? வன்னி வலைக்கூடத்தில் எதற்குக் காசு போடலாம்

கிளிநொச்சியில் வலைக்கூடத்துக்குள் மண்ணில்லாமல் பசளைக் கரைசலில் வளர்த்துப் பிடுங்கும் சலாது இலை ரெஜிபோம் பெட்டிக்குள் இரவு முழுக்க ஏ9 வீதியில் குலுங்கிப் போய், மறுநாள் கொழும்புக் கடைத் தட்டில் வாடாமல் நிற்க வேண்டும். அது ஒரு கணக்கு. சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்த இலையால் சத்துக் கூட வேண்டும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பசளைப் போத்தலில் தருவதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

வாடாமல் இருப்பதற்குக் கல்சியம்தான். கலங்களை ஒட்டிவைக்கும் பெக்டினை அது இறுக்குகிறது. இலை மொறுமொறுப்பாக நிற்கும், அழுகல் பிந்தும். ஆனால் கல்சியம் வேர் இழுக்கும் நீரோடு ஏறும், ஏறிய இலையை விட்டு வேறெங்கும் போகாது. வறண்ட சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியிலைகளே நீரை இழுத்துக்கொள்வதால் குருத்துக்குக் கல்சியம் போய்ச் சேராமல் நுனி கருகும். இலைக்குத் தெளித்தாலும் இதே கதைதான்: வெளியிலையில் பட்டது உள்ளே இறங்காது. அந்த நேரத்தில் பசளையைக் கூட்டுவதை விட நிழல்வலை கட்டுவதும் கரைசலைக் கொஞ்சம் ஐதாக்குவதும் மேல்.

சரி, கூட்டத்தான் வேண்டுமென்றால் எதைப் போடுவது? ஆயிரம் லீற்றர் தாங்கியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் கல்சியம் கூட்ட, கல்சியம் நைட்ரேட் சுமார் 260 கிராம் வேண்டும். கூடவே 40 கிராம் நைட்ரஜனும் வந்துவிடும். நைட்ரஜன் மிஞ்சினால் இலை கொழுத்து மென்மையாகிச் சீக்கிரம் அழுகும். வாங்கின நன்மை பாதி போய்விடும். கல்சியம் குளோரைட் என்றால் சுமார் 180 கிராம் போதும், ஆனால் கிட்டத்தட்ட 90 கிராம் குளோரைட்டும் சேரும். கரையோரத்து உவர்க் கிணற்றுக்கு அதைக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. நல்ல தண்ணீர் என்றால் இரண்டையும் பாதிப் பாதியாகப் போடுவேன். அதற்கு முன் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் கிணறே கல்சியம் தருகிறது; பரிசோதித்து அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சம். மாரியில் பிடித்த மழைநீரில் அது அநேகமாக இல்லை. (செறிவான கல்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் ஒரே வாளியில் கலந்து, அடியில் சுண்ணாம்பு மாதிரி உறைந்ததை அள்ளிக் கொட்டியவன் நான்.)

சத்துக்கு இந்தக் கல்சியம் பெரிதாக உதவாது. நூறு கிராம் சலாதில் ஏறக்குறைய 36 மில்லிகிராம்தான். பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வேண்டும். இரட்டிப்பாக்கினாலும் முள்ளோடு பொரித்த நெத்தலிக்குக் கிட்ட நிற்காது.

சிங்க் வேறு. பெண்ணுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் போதும். நூறு கிராம் இலையில் ஒரு மில்லிகிராம் ஏற்றினாலே எட்டில் ஒரு பங்கு. விலையும் இல்லை: அதே தாங்கியில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் கூட்ட நாலரை கிராம் சிங்க் சல்பேட் போதும். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. சிங்க் மிஞ்சினால் இரும்பைத் தடுத்து இளம் இலைகளை மஞ்சளாக்கும். கடினநீரில் பிஎச் (புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) ஏழைத் தாண்டினால் சிங்க், இரும்பு இரண்டுமே செடிக்குச் சரியாகக் கிடைக்காது, ஆகவே ஆறுக்குக் கிட்ட இறக்கிவிட்டுத்தான் இந்தப் பேச்சே.

மற்றவை? அயடீன் 1995 முதல் சட்டப்படி உப்பில் இருக்கிறது, விடுங்கள். செலேனியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. தராசு சரியில்லாத இடத்தில் வேண்டாம். பொட்டாசியம் சிலிகேட் வெள்ளரிக்கு நல்லது, ஆனால் பிஎச்சை இன்னும் ஏற்றும்.

கொழும்புக்குப் போகும் சலாதுத் தொட்டிக்கு நான் கல்சியம் போடுகிறேன். சிங்க் போவது ஊருக்குள் விற்கும் கங்குன் கீரைக்கு மட்டும். அது காலையில் பிடுங்கி மத்தியானம் சட்டிக்குள் போய்விடும்.